முதலில் வரையுங்கள், பிறகு அளந்து பாருங்கள்: பார்வையையும் தொடுதலையும் வீட்டிலேயே சோதிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

மேசையில் ஒரு சோற்றுத் தட்டை வைத்து எதிரே உட்காருங்கள். தட்டு வட்டமாகத்தான் தெரியும். ஆனால் அந்தக் கோணத்திலிருந்து கண்ணுக்குள் விழும் பிம்பம் வட்டமாக இருக்க வழியே இல்லை, அது நசுங்கிய நீள்வட்டம். இதை வாயால் சொன்னால் பிள்ளைகள் தலையாட்டிவிட்டு மறந்துவிடுவார்கள். தான் கையால் வரைந்த தட்டையும், கண்ணாடி வழியாக அப்படியே படியெடுத்த தட்டையும் அருகருகே வைத்துப் பார்த்த பிள்ளை மறக்காது. கண் தந்ததற்கும் மூளை சேர்த்ததற்கும் உள்ள இடைவெளி அங்கே மில்லிமீட்டர் கணக்கில் தெரியும்.

அதனால் கீழே உள்ள வேலைகள் பெரும்பாலும் ஒரே வரிசையில் நடக்கின்றன: முதலில் ஊகிக்க வேண்டும், அடுத்து வரைய வேண்டும், கடைசியில் அளக்க வேண்டும். வரிசையை மாற்றாதீர்கள். விடையை முன்பே சொல்லிவிட்டால் கை அந்த விடையைத்தான் வரையும், சோதனை அங்கேயே முடிந்துவிடும். ஒரு நோட்டில் மூன்று பத்திகள் போட்டு, ஊகம், வரைந்த அளவு, அளந்த அளவு என்று பேனாவால் எழுதுங்கள். பென்சிலில் எழுதினால் ஊகத்தைப் பிறகு திருத்தும் ஆசை வரும்.

பத்து வயதுக்கு மேற்பட்ட யாரும் இவற்றைச் செய்யலாம். வலிப்பு உள்ளவர்கள் சுழலும் தட்டுச் சோதனையை மட்டும் தவிர்க்க வேண்டும். எந்தச் சோதனையிலும் சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது.

முகம் பார்க்கும் கண்ணாடியில் முகத்தின் அளவு

இதற்குச் செலவே இல்லை, ஆனாலும் அதிகம் அதிர வைப்பது இதுதான். கையெட்டும் தூரத்தில் கண்ணாடி முன் நேராக நில்லுங்கள். கண்ணாடிப் பரப்பில் தெரியும் உங்கள் முகம், உச்சந்தலையிலிருந்து தாடை வரை எத்தனை செ.மீ. இருக்கும்? நோட்டில் எழுதுங்கள். ஏறக்குறைய எல்லோரும் உண்மையான முகத்தின் அளவையோ அதற்குச் சற்றுக் குறைவாகவோ எழுதுவார்கள்.

இப்போது ஒரு கண்ணை மூடிக்கொண்டு, சோப்புத் துண்டாலோ ஸ்கெட்ச் பேனாவாலோ கண்ணாடி மேல் முகத்தின் வெளிக்கோட்டை வரையுங்கள். விலகி நின்று அளவுகோல் வைத்துப் பாருங்கள். தலை 23 செ.மீ. இருந்தால் கோடு 11.5 செ.மீ. தான் இருக்கும். சரிபாதி.

அடுத்த கேள்வி: இரண்டடி பின்னால் போய், வேறொருவரை விட்டு வரையச் சொன்னால் கோடு சிறியதாகுமா? ஆகும் என்றுதான் எழுதுவார்கள். ஆகாது. வரைபவர் உங்கள் சொல்படி கோட்டை நகர்த்தட்டும், உங்கள் ஒற்றைக் கண்ணுக்குப் பொருந்தும் இடம் முன்போலவே பாதிதான். கண்ணாடிக்குப் பின்னால் எவ்வளவு தூரத்தில் பிம்பம் இருக்கிறதோ, கண்ணாடிக்கு முன்னால் அவ்வளவு தூரத்தில் நீங்கள் இருக்கிறீர்கள். கண்ணாடி எப்போதும் நடுவில் நிற்கிறது. ஒத்த முக்கோணக் கணக்கு, பத்தாம் வகுப்புப் பாடம்.

கோடு பாதியாக வரவில்லையென்றால் காரணம் இரண்டில் ஒன்று: இரண்டு கண்ணையும் திறந்து வைத்திருந்தீர்கள், அல்லது வரையும்போது தலை ஆடியது.

தட்டு எவ்வளவு வட்டம்

தேவை: 24 செ.மீ. விட்டமுள்ள தட்டு, ஏ4 அளவு போட்டோ சட்டத்தின் கண்ணாடி (விளிம்புகளில் டேப் ஒட்டியது, அக்ரிலிக் தகடு கிடைத்தால் இன்னும் பாதுகாப்பு), நடுவில் 5 மி.மீ. துளையிட்ட அட்டை, தண்ணீர் நிரப்பிய உயரமான பாட்டில், கண்ணாடியில் எழுதும் மார்க்கர்.

துளை மேசைக்கு மேல் 40 செ.மீ. உயரத்தில் வரும்படி அட்டையைப் பாட்டிலில் கட்டுங்கள். பாட்டில் குட்டையாக இருந்தால் புத்தகங்கள் மேல் வையுங்கள். துளையிலிருந்து 25 செ.மீ. தள்ளிக் கண்ணாடியை நெடுக்குவாட்டில், மேசைக்குச் செங்குத்தாக நிறுத்துங்கள். இரு பக்கமும் கனமான புத்தகங்களால் தாங்குங்கள். தட்டின் நடுப்புள்ளி துளையிலிருந்து கிடைமட்டமாக 70 செ.மீ. இருக்கட்டும்.

கண்ணாடியை இப்போதைக்கு எடுத்துவிட்டு, அதே இடத்தில் உட்கார்ந்து தட்டை ஒரு தாளில் வரையச் சொல்லுங்கள். அவசரப்படுத்த வேண்டாம். “உனக்குத் தட்டு எப்படித் தெரிகிறதோ அப்படி வரை” என்பதற்கு மேல் ஒரு வார்த்தையும் வேண்டாம். வரைந்ததும் கண்ணாடியை வைத்து, ஒற்றைக் கண்ணால் துளை வழியாகப் பார்த்தபடி, தட்டின் விளிம்பு தெரியும் இடத்தில் மார்க்கரால் கோடு இழுக்கட்டும். கோடு கண்ணாடியில் தரையிலிருந்து ஏறக்குறைய 23 முதல் 28 செ.மீ. உயரத்துக்குள் விழும்.

மேலே சொன்ன அளவுகளில் படியெடுத்த நீள்வட்டம் சுமார் 8.7 செ.மீ. அகலமும் 5 செ.மீ. உயரமும் இருக்கும். உயரத்தை அகலத்தால் வகுத்தால் 0.58. கையால் வரைந்ததையும் இதேபோல் வகுத்துப் பாருங்கள். முழு வட்டம் என்றால் விடை 1. கை ஓவியம் 0.75 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். 0.75லிருந்து 0.58ஐக் கழித்தால் 0.17. 1லிருந்து 0.58ஐக் கழித்தால் 0.42. முன்னதைப் பின்னதால் வகுத்தால் 0.40. அதாவது, கண் தந்த வடிவத்திலிருந்து “தட்டு என்றால் வட்டம்” என்ற அறிவை நோக்கி மூளை நூற்றுக்கு நாற்பது பங்கு நகர்ந்திருக்கிறது. வகுப்பில் முப்பது பேருக்கு இந்த எண்ணைக் கணக்கிட்டுப் பலகையில் வரிசையாக எழுதுங்கள். ஓவியம் பழகியவர்களின் எண்ணுக்குத் தனி நிறம் கொடுங்கள். அவர்கள் எவ்வளவு விலகி நிற்கிறார்கள் என்பதைப் பிள்ளைகளே பார்த்துச் சொல்லட்டும்.

ராபர்ட் தவுலெஸ் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் 1931இல் இத்தகைய வட்டத் தகடுகளை வைத்துத்தான் இதை அளந்தார். சாய்வாகத் தெரியும் தகட்டுக்கு இணையான நீள்வட்டம் எது என்று கேட்டால், மக்கள் காட்டியது கண்ணில் விழும் வடிவத்துக்கும் உண்மையான வடிவத்துக்கும் இடையில் ஒன்று. கண்ணாடி வழியாகப் படியெடுக்கும் முறை இன்னும் பழையது. ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1525இல் வெளியிட்ட நூலில் இதற்கான கருவிகளைப் படம் போட்டே விளக்கியிருக்கிறார்.

இதில் கெடுவது பெரும்பாலும் துளையில்தான். துளை பெரிதானால் கண் அலைந்து, நீள்வட்டத்தின் ஆரம்பமும் முடிவும் ஒட்டாமல் போகும். தாடையைப் புத்தக அடுக்கின் மேல் ஊன்றினால் தலை நிற்கும். கண்ணாடி சாய்ந்தாலும் 0.58 வராது, மூலைமட்டத்தால் சரிபாருங்கள்.

நேரம் இருந்தால் ஒரே மாதிரி இரண்டு டம்ளர்களை 50 செ.மீ., 100 செ.மீ. தூரங்களில் வைத்து இதையே செய்யலாம். கண்ணாடியில் தூரத்து டம்ளர் கிட்டத்தட்டப் பாதியாக விழும். கையால் அப்படிப் பாதியாக வரையும் துணிவு யாருக்கும் எளிதில் வராது.

குருட்டுப் புள்ளியின் வரைபடம்

விழித்திரையிலிருந்து நரம்பிழைகள் ஒன்றுசேர்ந்து வெளியேறும் இடத்தில் ஒளியை உணரும் செல்களே இல்லை. 1660களில் பிரெஞ்சு அறிஞர் எட்ம் மரியாட் இதைக் கண்டறிந்தார். பேய்க்கணவாய்க்கு நரம்பிழைகள் விழித்திரைக்குப் பின்புறமாகவே போவதால் அதற்கு இந்தக் குறை கிடையாது. நமக்கு உண்டு, அதுவும் சின்ன ஓட்டை அல்ல. அதன் படத்தையே வரைந்துவிடலாம்.

ஏ4 தாளைக் கிடைவாட்டில் சுவரில் ஒட்டுங்கள். இடது விளிம்பிலிருந்து 5 செ.மீ. தள்ளி, உயரத்தின் நடுவில் சிறிய கூட்டல் குறி போடுங்கள். கண் தாளிலிருந்து 30 செ.மீ. இருக்க வேண்டும். நெற்றிக்கும் சுவருக்கும் இடையில் அளவுகோலை முட்டுக் கொடுத்தால் தூரம் மாறாது. இடது கண்ணை மூடி, வலது கண்ணால் கூட்டல் குறியை மட்டும் பாருங்கள்.

ஒரு பென்சிலின் உடல் முழுவதும் வெள்ளைத் தாள் சுற்றி, கூர்முனை மட்டும் கருப்பாகத் தெரியும்படி செய்யுங்கள். இதைச் செய்யாமல் விடுபவர்கள் அதிகம். அப்போது முனை மறைந்தாலும் பென்சிலின் உடல் தெரிந்துகொண்டே இருக்கும், எல்லை குழம்பிவிடும். கூட்டல் குறியிலிருந்து வலப்பக்கம் 8 செ.மீ., அங்கிருந்து அரை செ.மீ.க்குச் சற்று அதிகமாகக் கீழே இறங்கிய இடத்தில் முனையை வையுங்கள். மறைந்துவிடும். அங்கிருந்து மெதுவாக மேலே நகர்த்துங்கள். முனை எட்டிப் பார்க்கும் கணத்தில் ஒரு புள்ளி குத்துங்கள். மறுபடி நடுவுக்கு வந்து கீழே, இடம், வலம், நான்கு மூலைவாட்டம் என்று எட்டுத் திசையிலும் செய்து புள்ளிகளை இணையுங்கள்.

சுமார் 3 செ.மீ. அகலமும் 4 செ.மீ. உயரமும் கொண்ட ஒரு முட்டை வடிவம் கிடைக்கும். பொறுமையாகச் செய்தால் மேலும் கீழும் சிறு கொம்புகள்கூட முளைக்கும். அவை அந்த இடத்திலிருந்து கிளம்பும் பெரிய இரத்தக் குழாய்களின் நிழல். வடிவம் கந்தலாக வந்தால் கண் கூட்டல் குறியை விட்டுப் பென்சிலின் பின்னால் ஓடியிருக்கிறது என்று பொருள். பத்து விநாடிக்கு ஒருமுறை ஓய்வு கொடுங்கள்.

அடுத்த பகுதியை விட்டுவிடாதீர்கள். ஒரு மஞ்சள் சார்ட் தாளில் அதேபோல் கூட்டல் குறி போட்டு, குருட்டுப் புள்ளி விழும் இடத்தில் 1.5 செ.மீ. அகலமுள்ள சிவப்பு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டுங்கள். பொட்டு மறைந்த இடத்தில் என்ன தெரிகிறது? கருப்பும் இல்லை, ஓட்டையும் இல்லை. மஞ்சள்தான் தெரியும். பொட்டின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு தடித்த கருப்புக் கோட்டை ஓட விட்டு, பொட்டு கோட்டின் மேல் அமரும்படி ஒட்டினால், பொட்டு மறையும், கோடு முழுதாக ஓடும். மூளை சுற்றுப்புறத்தைப் பார்த்து நிரப்பிவிடுகிறது. மூன்றாவது தாளில் புள்ளிக் கோலம் போட்டு, நடுவில் ஒரு சுழியை மட்டும் வேண்டுமென்றே தப்பாகப் போட்டு, அது குருட்டுப் புள்ளிக்குள் விழும்படி வைத்துச் சோதியுங்கள். தெரிந்ததை அங்கேயே வரையச் சொல்லுங்கள். நிறமும் நேர்கோடும் நிரம்பிய அளவுக்குச் சுழி நிரம்புகிறதா என்று ஒப்பிடுவதுதான் இங்கே வேலை.

ஒரே தாள், இரண்டு நிறம்

பாரிஸில் கோபலான் திரைச்சீலைத் தொழிற்சாலையில் சாயப் பிரிவின் தலைவராக இருந்தவர் மிஷெல் யூஜின் ஷெவ்ரல். கருப்பு நூல் கருப்பாக இல்லை என்று புகார் வந்தது. அவர் சோதித்தார். சாயத்தில் குறையில்லை, பக்கத்தில் ஓடிய நீலமும் ஊதாவும்தான் கருப்பை மங்க வைத்தன. அந்த ஆய்வு 1839இல் நூலாக வந்தது. பட்டுப் புடவையின் உடல் நிறம் கரையோடு சேரும்போது வேறாகத் தெரிவது நெசவாளர் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவர்கள் நூல்கண்டைத் தனியாகப் பார்த்து நிறம் முடிவு செய்வதில்லை.

15 செ.மீ. சதுரமாக மஞ்சள் சார்ட் ஒன்றும் அடர்நீல சார்ட் ஒன்றும் வெட்டுங்கள். பாக்கு நிறத் தாள் ஒன்றிலிருந்து 2 செ.மீ. சதுரங்கள் இரண்டு வெட்டி, ஒவ்வொன்றின் நடுவிலும் ஒட்டுங்கள். மஞ்சளின் மேல் உள்ளது கருத்தும், நீலத்தின் மேல் உள்ளது வெளுத்தும் தெரியும். நம்பாதவர்களுக்காக அதே தாளில் நீளமான பட்டை ஒன்றை வெட்டி இரண்டு சதுரங்களையும் இணைக்கும்படி மேலே வையுங்கள்.

உள்ளே வைக்கும் துண்டு பெரிதானால் விளைவு குறையும். துண்டு சுருண்டு நிழல் விழுந்தாலும், பசை ஈரத்தில் நிறம் மாறினாலும் கெடும். மெல்லப் பூசி, புத்தகத்தின் அடியில் அழுத்திக் காய விடுங்கள். இன்னொன்று: சிவப்புத் தாளின் நடுவில் சாம்பல் துண்டு வைத்து, மேலே டிரேசிங் தாளைப் போர்த்துங்கள். சாம்பல் பச்சையாக மாறுவதைப் பார்க்கலாம். சிவப்பு மங்கினால் விளைவும் மங்க வேண்டும் என்றுதான் தோன்றும். நடப்பது நேரெதிர், ஏனெனில் எல்லைக்கோடு மழுங்கும்போதுதான் இந்த நிறமாற்றம் வலுக்கிறது.

சுவரில் பெரிதாகும் பின்பிம்பம்

3 செ.மீ. சிவப்புச் சதுரத்தை வெள்ளைத் தாளில் ஒட்டி, 30 செ.மீ. தூரத்தில் நல்ல பகல் வெளிச்சத்தில் வைத்து, அதன் நடுவிலுள்ள புள்ளியை 40 விநாடி அசையாமல் பாருங்கள். வெள்ளைச் சுவரைப் பார்த்தால் மயில்கழுத்து நிறத்தில் ஒரு சதுரம் மிதக்கும். சிவப்பை உணரும் கூம்பு செல்கள் களைத்துப்போக, மற்றவை மேலோங்குகின்றன. இதுவரை பலருக்கும் தெரியும். சுவர் 3 மீட்டர் தள்ளி இருக்கட்டும். நீங்கள் சொல்லச் சொல்ல நண்பர் அந்தச் சதுரத்தின் மூலைகளில் டேப் ஒட்டட்டும். பக்கம் 30 செ.மீ. அளவில் வரும். உள்ளங்கையை 15 செ.மீ. தூரத்தில் நீட்டிப் பார்த்தால் அதே பிம்பம் 1.5 செ.மீ. விழித்திரையில் பதிந்த தடம் மாறவே இல்லை. எவ்வளவு தூரத்தில் இருப்பதாக மூளை எடுத்துக்கொள்கிறதோ, அதற்கேற்ப அளவைக் கொடுக்கிறது. சுவிஸ் கண் மருத்துவர் எமில் எம்மர்ட் 1881இல் எழுதிய விதி இது. பிம்பம் மறையத் தொடங்கினால் கண்ணைச் சிமிட்டுங்கள், சற்று மீளும்.

பழைய சிடியில் பம்பரம்

கருப்பும் வெள்ளையும் மட்டுமே உள்ள ஒரு தட்டு சுழலும்போது நிறம் காட்டும். ஜெர்மன் அறிஞர் குஸ்டாவ் ஃபெக்னர் 1838இலேயே இதைக் கவனித்து எழுதினார். 1890களில் இங்கிலாந்தில் சார்லஸ் பென்ஹாம் இதைப் பம்பரமாகவே விற்பனைக்குக் கொண்டுவந்தார்.

சிடியின் விட்டம் 12 செ.மீ., நடுத்துளை 1.5 செ.மீ. சாதாரணக் கோலிக்குண்டு 1.6 செ.மீ. இருக்கும், துளையில் கச்சிதமாக உட்காரும். குண்டைக் கீழ்ப்பக்கம் பொருத்தி, மேலிருந்து எம்-சீல் வைத்து, அதன் மேல் ஒரு தண்ணீர் பாட்டில் மூடியைக் கைப்பிடியாக அழுத்தி, ஒரு மணி நேரம் அசைக்காமல் விடுங்கள். மூடி நடுவில் அமராவிட்டால் பம்பரம் தள்ளாடும்.

வெள்ளைத் தாளில் சிடி அளவு வட்டம் வெட்டி, மூடிக்கு நடுவில் இடம் விட்டு, பாதியைக் கருப்பு சார்ட் ஒட்டி மறையுங்கள். ஸ்கெட்ச் பேனாவால் தீட்டினால் திட்டுத் திட்டாக வரும். வெள்ளைப் பாதியை 45 பாகை கொண்ட நான்கு துண்டுகளாகப் பிரியுங்கள். கருப்பின் ஓரத்திலிருந்து கடிகாரச் சுற்றில் முதல் துண்டில் நடுவிலிருந்து 5.6, 5.3, 5.0 செ.மீ. ஆரங்களில் மூன்று வில்கள். இரண்டாவதில் 4.6, 4.3, 4.0. மூன்றாவதில் 3.6, 3.3, 3.0. நான்காவதில் 2.7, 2.4, 2.1. கோட்டின் தடிப்பு 1 மி.மீ.

தரையில் கடிகாரத்துக்கு எதிர்ச்சுற்றில் சுழற்றுங்கள். வேகமாகச் சுற்றும்போது சாம்பல்தான் தெரியும். விநாடிக்கு ஐந்தாறு சுற்றாகத் தணியும்போது வெளி வளையங்கள் செங்காவியாகவும் உள் வளையங்கள் நீலமாகவும் மாறும். மறுபக்கம் சுழற்றினால் வரிசை தலைகீழாகும். கருப்பு கடந்தவுடன் வரும் கோடு சிவப்புச் சாயலையும், அடுத்த கருப்புக்குச் சற்று முன் வரும் கோடு நீலச் சாயலையும் பெறுகிறது. ஒளி அணைந்து எரியும்போது கண்ணின் நிறப் பாதைகள் ஒரே வேகத்தில் பதில் தருவதில்லை என்பதே அடிப்படை. முழு விளக்கத்தில் ஆய்வாளர்கள் இன்னும் ஒன்றுபடவில்லை.

சீலிங் ஃபேனிலோ டேபிள் ஃபேனிலோ ஒட்டிப் பார்க்க வேண்டாம், பெரும்பாலும் வேகம் மிஞ்சிவிடும். மலிவான எல்இடி விளக்கின் கீழும் செய்யாதீர்கள். அது விநாடிக்கு நூறு முறை துடிப்பதால் வில்கள் நின்றுபோனதுபோல் தெரிந்து குழப்பும். ஜன்னலோரப் பகல் வெளிச்சம் போதும். ஒவ்வொருவரும் கண்ட நிறத்தை உடனே வண்ணப் பென்சிலால் தீட்டட்டும். ஒருவர் தாளைப் பார்த்து மற்றவர் தீட்டக் கூடாது, ஏனெனில் நிறம் ஆளுக்கு ஆள் மாறும்.

அந்தியில் செம்பருத்தி

பொழுது சாயும் நேரத்தில் செம்பருத்திச் செடியின் முன் உட்கார்ந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பூவும் இலையும் எவ்வளவு வெளிச்சமாகத் தெரிகின்றன என்று பென்சில் நிழலால் தீட்டுங்கள். முதலில் பூதான் எடுப்பாக இருக்கும். இருட்ட இருட்டப் பூ கருத்துப்போகும், இலை வெளுக்கும். கூம்பு செல்கள் ஓய்ந்து, மங்கிய வெளிச்சத்தில் பார்க்க உதவும் குச்சி செல்கள் வேலையை ஏற்கின்றன. அவை சிவப்பை அநேகமாக உணர்வதில்லை. செக் நாட்டு அறிஞர் புர்கின்யேயின் பெயரால் இது அறியப்படுகிறது. நடுவில் கைப்பேசித் திரையைப் பார்த்தால் கண் பழகியதெல்லாம் வீண், மறுபடி காத்திருக்க வேண்டியதுதான்.

தோல் சொல்லும் களிமண் மனிதன்

தோலில் படும் இரண்டு முனைகளை இரண்டாக உணர எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று அளக்க, ஜெர்மன் அறிஞர் எர்ன்ஸ்ட் வெபர் 1834இல் வெளியிட்ட முறை இது. ஒரு ஜெம் கிளிப்பை யு வடிவில் வளைத்து, இரு முனைகளையும் கல்லில் தேய்த்து மழுங்க வையுங்கள். நண்பர் கண்ணை மூடிக்கொள்ளட்டும். இரு முனையும் ஒரே கணத்தில் தோலில் படும்படி மென்மையாக வையுங்கள், இடையிடையே ஒரு முனையை மட்டும் வையுங்கள். ஒன்றா இரண்டா என்று சொல்ல வேண்டும். பத்து முறையில் எட்டு சரியாக வரும் மிகச் சிறிய இடைவெளியை மி.மீ. கணக்கில் குறியுங்கள். முனைகள் முன்பின்னாகப் பட்டால் அதுவே துப்புக் கொடுத்துவிடும். அழுத்தினாலும் தவறான விடை வரும்.

விரல் நுனியில் இரண்டு மூன்று மி.மீ. போதும். உள்ளங்கையில் சுமார் 10. முன்கையிலும் முதுகிலும் 40 வரை வேண்டியிருக்கும். உதடு, கன்னம், நெற்றி, கெண்டைக்கால் என்று பத்து இடங்களை அளந்தபின், ஒவ்வொரு எண்ணாலும் 100ஐ வகுங்கள். விரல் நுனி 2.5 என்றால் 40, முன்கை 40 என்றால் 2.5. இந்த எண்களே மில்லிமீட்டரில் உறுப்புகளின் அகலம் என்று வைத்துக் களிமண்ணில் ஒரு மனிதனைப் பிசையுங்கள். பூசணி போன்ற விரல்களும், தடித்த உதடும், நூல்போன்ற முதுகும் கொண்ட உருவம் வரும். மூளையின் தொடுவுணர்வுப் பகுதியில் எந்த உறுப்புக்கு எவ்வளவு இடம் என்று மான்ட்ரியால் அறுவை மருத்துவர் வைல்டர் பென்ஃபீல்டு 1937இல் வெளியிட்ட படமும் இதே சாயலில்தான் இருக்கிறது. மெல்லிய முதுகு பெரிய கைகளைத் தாங்காது, உள்ளே கட்டுக்கம்பி வைத்துப் பிசையுங்கள். நிழலில் மூன்று நாள் உலரட்டும், வெயிலில் வைத்தால் விரல்கள் வெடிக்கும்.

உருவம் உலரும் நாட்களில் பிரெய்ல் எழுத்து அச்சிட்ட மருந்துப் பெட்டி ஒன்றைத் தேடி எடுங்கள். எழுத்துக்குள் புள்ளிக்கும் புள்ளிக்கும் உள்ள இடைவெளி ஏறத்தாழ 2.5 மி.மீ. கண்ணை மூடி விரல் நுனியால் தடவினால் புள்ளிகளை எண்ணிவிடலாம். அதே எழுத்தை முன்கையில் அழுத்தி, எத்தனை புள்ளி என்று கேளுங்கள்.